நாற்காலிக்குப் போட்ட சீட்டு

“நான் எடுத்த சீட்டு ஒரு ஆளைக் கொன்னுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. நான் போயிடுறேன்.”

செண்பகராமன் நின்றுகொண்டேதான் இதைக் கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அமலோற்பவம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள் என்று தோன்றியது.

“ஆட்டம் தெரியுமா அண்ணாச்சி?”

“தெரியாது.”

“தெரியாமலா அன்னைக்கு ஆடுனிய?”

“எல்லாரும் உட்கார்ந்தாங்க. நானும் உட்கார்ந்தேன்.”

“அப்ப மொதல்ல ஆட்டத்தப் படிங்க. கேள்வியப் பெறவு பாத்துக்கலாம்.”

செண்பகராமனுக்கு ராஜபாளையத்தில் பம்புசெட் கடை. வயது ஐம்பத்தொன்பது. நாலு வருஷத்துக்கு முன்னால், மோட்டார் கம்பெனி ஒன்று நன்றாக விற்ற கடைக்காரர்களை மேற்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனது. அங்கே ஓர் ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டு நின்றது சூதாட்டக் கப்பல்.

பிளாக்ஜாக் மேசை. பகல் பன்னிரண்டு மணி. சீட்டுப் போட்டவள் அமலோற்பவம். கடைசி நாற்காலியில் செண்பகராமன். முதல் நாற்காலியில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் பிசகாமல் போட்ட ஒரு மனிதர். நடுவில் யாரும் இல்லை.

அந்த மனிதர் ஒரே ஒரு தடவைதான் செண்பகராமனிடம் பேசினார்.

“எடுக்காதீங்க அண்ணாச்சி.”

செண்பகராமன் எடுத்தார்.

மனிதர் தோற்றார். எழுந்தார். போகிற வழியில் செண்பகராமனின் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு மேல்தளத்துக்குப் படியேறினார்.

அடுத்த நிமிஷமே மேலே சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடிப் பார்த்தபோது மேல்தளத்தில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் சொன்னான். “நீங்க மட்டும் அந்தச் சீட்டை எடுக்காம இருந்திருந்தா அந்த ஆள் ஜெயிச்சிருப்பான் சார்.”

சொன்னவன் தூங்கிவிட்டான். செண்பகராமன் அதற்கப்புறம் சரியாகத் தூங்கவேயில்லை.

கப்பலுக்கு எழுதிப்போட்டார். பதில் இல்லை. நேரில் போய் விசாரித்தார். சீட்டுப் போட்ட அம்மா அன்றைக்கே வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தூத்துக்குடிப் பக்கம் என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடி, இப்போது இந்த உப்பளத்துக்கு வந்து நின்றார்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள். நடுவில் ஓட்டு வீடு. பாத்திக்கு நீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அமலோற்பவத்தின் வேலை. பன்னிரண்டு மணி ஆனதும் அவள் மோட்டாரை நிறுத்தினாள். சத்தம் அடங்கியது.

அப்போதுதான் செண்பகராமன் கவனித்தார். அந்த வெளியில் ஒரு காக்கைகூட இல்லை. வெள்ளையாகக் கொட்டிக்கிடந்த வெயிலில் எதற்கும் நிழல் இல்லை.

“உள்ள வாங்க,” என்றாள்.

உள்ளே ஒரு மேசை. மேலே பச்சைத் துணி. ஒரு பக்கம் ஒரு நாற்காலி. எதிர்ப்பக்கம் மூன்று.

அவள் தனி நாற்காலியில் உட்கார்ந்தாள். செண்பகராமன் எதிரே நடு நாற்காலியை இழுத்தார்.

“அது இல்ல. உங்க எடம் கடைசி.”

அவர் மாறி உட்கார்ந்தார்.

“ரெண்டுலருந்து பத்து வரைக்கும் சீட்டுல என்ன இருக்கோ அதுதான் மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூணும் பத்து. ஏஸ் மட்டும் நம்ம சௌகரியம். ஒண்ணுன்னும் வச்சுக்கலாம், பதினொண்ணுன்னும் வச்சுக்கலாம். கூட்டுனா இருபத்தொண்ணுக்குப் பக்கத்துல போவணும். தாண்டிரக் கூடாது. இவ்வளவுதான்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுக்குத்தான் ஆள் சாவுது.”

அவள் ஒரு கிண்ணத்திலிருந்து உப்புக்கல் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது உங்க பந்தயம்.”

இன்னொரு உப்புக்கல்லை முதல் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

செண்பகராமன் அந்த நாற்காலியைப் பார்த்தார். காலி.

அவள் சீட்டுப் போட்டாள். முதல் நாற்காலிக்கு ஒன்று. அவருக்கு ஒன்று. தனக்கு ஒன்று. மறுபடி முதல் நாற்காலிக்கு, அவருக்கு, தனக்கு. முதல் நாற்காலியின் சீட்டும் அவருடைய சீட்டும் முகம் தெரிய இருந்தன. அவளுடைய இரண்டில் ஒன்று மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

“அது ஏன் கவுத்திருக்கு?”

“எல்லாரும் முடிவு பண்ணுன பெறவுதான் அதத் தொறக்கணும்.”

“அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் முதல் நாற்காலியின் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள்.

சும்மா இருக்கிறாள் என்று செண்பகராமன் முதலில் நினைத்தார். பிறகு அவள் கண்களைப் பார்த்தார். எதிரே ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது மரியாதைக்காகப் பொறுமையாக இருப்பவரின் கண்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் லேசாகத் தலையசைத்தாள். ஒரு சீட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

“யாரும்மா கேட்டா?”

“அவங்கதான். நீங்க பாக்கலியா?”

செண்பகராமன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் ஒரு பழந்துணியை எடுத்து முதல் நாற்காலிக்கு முன்னால் மேசையைத் துடைத்தாள். பச்சைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

“என்னது?”

“தண்ணி.”

அன்றிரவு திண்ணையில் படுத்த செண்பகராமன், மறுநாள் காலையில் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டு, பேரிங் போய்விட்டது என்று சொல்லாமலே கழற்றி மாற்றினார். பஜாருக்குப் போய் வாங்கி வந்தது அவர்தான். அமலோற்பவம் நன்றி சொல்லவில்லை. கஞ்சியும் துவையலும் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு மோட்டாரை நிறுத்தினாள்.

“சீட்டு வேணும்னா வெரலால மேசையத் தட்டணும். போதும்னா கையக் கவுத்து வீசணும். வாயால சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“வாய்ச்சொல்ல மாத்திச் சொல்லலாம்ல.”

அன்று அவருக்கு ஏழும் ஐந்தும் வந்தன. பன்னிரண்டு. தட்டினார். ராணி வந்தது. இருபத்திரண்டு.

அவள் உடனே அவருடைய உப்புக்கல்லை எடுத்துக்கொண்டாள். சீட்டையும் எடுத்தாள்.

பிறகு முகம் கவிழ்ந்திருந்த தன் சீட்டைத் திறந்தாள். மொத்தம் பதினைந்து. இன்னொன்று எடுத்தாள். பத்து. இருபத்தைந்து.

“நீங்களும் தாண்டிட்டீங்களே!” செண்பகராமன் மேசையில் கை வைத்தார். “என் கல்லைக் கொடுங்க.”

“நீங்க முன்னாலயே போயிட்டிய. பின்னால நான் போனா அது உங்களுக்கு இல்ல. உக்காந்திருக்கறவங்களுக்கு.”

அவள் முதல் நாற்காலிக்கு முன்னாலிருந்த உப்புக்கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே எண் வந்தா?”

“யாருக்கும் இல்ல. அவரவர் கல்லு அவரவருக்கு.”

“முதல் ரெண்டு சீட்டுலயே இருபத்தொண்ணு வந்தா?”

“ஏஸும் ஒரு பத்தும். அதுக்குத்தான் பிளாக்ஜாக்னு பேரு. அது வந்தா ஒண்ணரை மடங்கு. வந்தவங்க சிரிப்பாங்க. நான் நெறையப் பாத்திருக்கேன். மொத எடத்துல இருந்தவங்களுக்கு அது அன்னைக்கு வரல.”

சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தாள். இன்றைக்கு ஈரம் இரண்டு உள்ளங்கை அகலம்.

அவள் துணியைப் பிழிய வெளியே போனபோது செண்பகராமன் மேசையில் மிச்சமிருந்த ஒரு துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அந்த வட்டாரத்தில் கிணற்று நீர் உப்பு. காற்று உப்பு. கதவுத் தாழ்ப்பாளில்கூட உப்புப் பூத்திருந்தது.

அந்தத் துளியில் உப்பே இல்லை. ஆற்றுத் தண்ணீர்.

மூன்றாம் நாள் அவள் சீட்டைக் கலைக்கவில்லை. கட்டிலிருந்து தேடித் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக முகம் தெரிய வைத்தாள்.

“இது அன்னைக்கு ஆட்டம். பாத்துக்கிடுங்க.”

முதல் நாற்காலிக்குப் பத்தும் எட்டும். பதினெட்டு.

கடைசி நாற்காலிக்கு எட்டும் ஐந்தும். பதின்மூன்று.

அவளுக்கு ஓர் ஆறு. பக்கத்தில் கவிழ்ந்த சீட்டு ஒன்று.

“அவங்க பதினெட்டுல நின்னுட்டாங்க. கைய வீசிட்டாங்க. அடுத்தது நீங்க.”

“எடுக்காதீங்கன்னு சொன்னார்.”

“ஏன் சொன்னாங்கன்னு தெரியுதா?”

“தெரியல.”

“எனக்குன்னு ஒரு விதி இருக்கு அண்ணாச்சி. பதினாறு வரைக்கும் நான் எடுத்தே ஆவணும். பதினேழு வந்துட்டா நின்னே ஆவணும். எனக்கு யோசிக்க எடமில்ல. ஆறு வச்சிருக்கவ நெறையத் தடவ தாண்டிருவா. அதனால என்னய எடுக்க விட்டுட்டு நீங்க சும்மா இருந்திருக்கணும். அதத்தான் சொன்னாங்க.”

“நான் தட்டினேன்.”

“தட்டுனிய.”

அவள் ஒரு ராஜாவை எடுத்து அவருடைய பதின்மூன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருபத்துமூன்று. உப்புக்கல்லை எடுத்துக்கொண்டாள்.

கவிழ்ந்த சீட்டைத் திறந்தாள். பத்து. ஆறும் பத்தும் பதினாறு.

“எடுத்தே ஆவணும்,” என்றாள். எடுத்தாள். ஐந்து.

இருபத்தொன்று.

முதல் நாற்காலிக்கு முன்னாலிருந்த உப்புக்கல்லை அவள் தன் பக்கம் இழுத்தபோது, மேசைக்கடியில் சொட்டுச் சொட்டென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. செண்பகராமன் குனிந்து பார்க்கவில்லை.

“அந்த ராஜாவை நான் எடுக்கலைன்னா...”

“எனக்கு வந்திருக்கும். பதினாறும் பத்தும் இருபத்தாறு. நான் போயிருப்பேன். அவங்க ஜெயிச்சிருப்பாங்க.”

நாலு வருஷம் சுமந்த கேள்விக்கு ஒரு கூட்டல் கணக்கில் பதில் வந்துவிட்டது.

செண்பகராமன் எழுந்தார்.

“அப்ப நான்தான்.”

அமலோற்பவம் துணியை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது.

“எனக்கு ஆட்டம் புரிஞ்சுபோச்சும்மா. கிளம்புறேன்.”

“புரியல.”

“வேற என்ன இருக்கு?”

“நாளைக்கு நீங்க சீட்டுப் போடணும்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்தார். பஸ் வந்தது. நின்றது. நடத்துநர் “ஏறுங்க, ஏறுங்க” என்றார். செண்பகராமன் திரும்பிப் பார்த்தார். கானலில் அந்த ஓட்டு வீடு தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

பஸ் போய்விட்டது. அவர் வரப்பிலேயே திரும்பி நடந்தார்.

நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்கு அமலோற்பவம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செண்பகராமன் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தார். அவரே சீட்டைக் கலைத்தார். மூன்று தடவை கலைத்தார். உப்புக்கற்களை வைத்தார்.

முதல் நாற்காலிக்குப் போட்டார். ஒன்பது. அவளுக்குப் போட்டார். நாலு. தனக்கு, ஆறு.

மறுபடி முதல் நாற்காலிக்கு. ஒன்பது.

பதினெட்டு.

அவர் கை நின்றது.

“போடுங்க,” என்றாள்.

அவளுக்கு எட்டு வந்தது. பன்னிரண்டு. தனக்கு வந்ததைக் கவிழ்த்து வைத்தார்.

முதல் நாற்காலியின் பக்கம் திரும்பினார். என்ன செய்வதென்று தெரியவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில்லாத அறையில் பச்சைத் துணியின் மேல் ஒரு சிறு சுருக்கம் விழுந்து, இடமிருந்து வலமாக நகர்ந்து, நின்றது. யாரோ உள்ளங்கையால் தடவிவிட்டதுபோல.

போதும் என்று சொல்லியாகிவிட்டது.

செண்பகராமன் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

அவள் விரலால் மேசையைத் தட்டினாள்.

“வேண்டாம்மா,” என்றார். “எடுக்காதீங்க.”

அவள் மறுபடி தட்டினாள்.

“நான் ஆறு வச்சிருக்கேன். நான் தாண்டிருவேன். நீங்க சும்மா இருங்க.”

“தட்டுனா போடணும் அண்ணாச்சி.”

போட்டார். ஜாக்கி. இருபத்திரண்டு. அவளுடைய உப்புக்கல்லை எடுத்தார். சீட்டையும் எடுக்கப் போனார். “இருக்கட்டும், கடைசியில எடுத்துக்கலாம்,” என்றாள்.

கவிழ்த்த சீட்டைத் திறந்தார். ராணி. பதினாறு.

கட்டின் மேல் சீட்டில் விரல் பட்டது. அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நிறுத்திக்கலாமா?”

“முடியாது.”

“ஒரே ஒரு தடவை.”

“முடியாது.”

“இவருக்கு எதிரா எனக்கு ஒண்ணுமில்லையேம்மா! நான் ஏன் எடுக்கணும்?”

அவள் கண்ணால் கட்டைக் காட்டினாள்.

அவர் எடுத்தார். நாலு. இருபது.

முதல் நாற்காலிக்கு முன்னாலிருந்த உப்புக்கல்லை அவருடைய கைதான் தன் பக்கம் இழுத்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பம்புசெட்டின் கிரீஸ் நகக்கண்ணில் ஒட்டிய அதே கை.

பிறகு தலையைத் தூக்கி, கடைசி நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார்.

நாலு வருஷமாகத் தன் சீட்டைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார். அந்த ஐந்தை எடுத்து வைத்தது யார் கை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அம்மா... அன்னைக்கு நீங்க...”

“ஆட்டம் இன்னும் முடியல.”

“ஜெயிச்சாச்சு, தோத்தாச்சு. இன்னும் என்ன?”

“சீட்டப் பொறுக்கணும். கடைசி எடத்துலருந்து மொத எடத்துக்கு. ஜெயிச்சது, தோத்தது எல்லாத்தையும் ஒண்ணா. அதுக்குப் பெறவுதான் ஆட்டம் முடிஞ்சதா அர்த்தம்.” அவள் குரல் தணிந்தது. “அன்னைக்கு மேல்தளத்துல சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் ஓடுனாங்க. நானும் எந்திரிச்சு ஓடிட்டேன். நான் பொறுக்கல.”

செண்பகராமன் அவளையே பார்த்தார்.

“நாலு வருசமா தெனமும் போடுதேன் அண்ணாச்சி. மொத எடத்துச் சீட்டு மட்டும் பொறுக்க வரல. பொழுது சாஞ்ச பெறவு அதுவா விட்டாத்தான் உண்டு.”

அவர் எழுந்தார். அவள் முன்னாலிருந்த மூன்று சீட்டுகளை எடுத்தார். வந்தன. முதல் நாற்காலிக்கு நகர்ந்தார். இரண்டு ஒன்பதுகள்.

ஒன்றை எடுத்தார். வந்தது. சில்லென்று இருந்தது.

இரண்டாவதின் விளிம்பில் நகத்தைக் கொடுத்தார். வரவில்லை. ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து இழுத்தார். சீட்டு வளைந்தது. நடுப்பகுதி எழும்பவில்லை. அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு விரலுக்கடியிலிருந்து இழுப்பதுபோல் இருந்தது. அந்த விரல் நடுங்குவதுகூட அவருக்குத் தெரிந்தது.

அமலோற்பவம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செண்பகராமன் இழுப்பதை நிறுத்தினார். பயம் இருந்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. மெதுவாகக் குனிந்தார். ஒரு மனிதருடைய தோள் இருந்திருக்கக்கூடிய உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், கையை வைத்தார்.

“சார், உங்க பேர்கூட எனக்குத் தெரியாது,” என்றார். “எடுக்காதீங்கன்னு சொன்னீங்க. கேட்காம எடுத்துட்டேன். இந்த அம்மா எடுக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் எடுத்துத்தான் ஆகணும். எடுத்துட்டாங்க. ஆட்டம் முடிஞ்சுது சார். விட்டுருங்க.”

சிறிது பொறுத்து, விளிம்பில் மறுபடி நகத்தைக் கொடுத்தார்.

சீட்டு வந்தது.

அவர் அதைத் தன்னுடைய மூன்று சீட்டுகளோடு சேர்த்துக் கட்டுக்குள் செருகினார்.

அமலோற்பவம் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாலு நாளாக அவருக்குப் பாடம் சொன்னவள், முதல் முறையாகத் தனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டாள்.

“போயிட்டாங்களா அண்ணாச்சி?”

செண்பகராமன் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அதை மேசைக்கடியில் தள்ளி வைத்தார்.